மச்சான் பிடித்த கயிறு

இந்தக் கதையை நான் நாற்பது வருடமாகச் சந்தேகித்து வந்திருக்கிறேன். சந்தேகித்தேன் என்பதும் முழு உண்மையில்லை. வெயிலில் நிற்கும்போது சந்தேகித்தும், நான் வேலை பார்க்கும் துறைமுகத்தில் கப்பல் வடம் ஏதாவது ஈரமாகக் காலில் படும்போது நம்பியும், இரண்டுக்கும் நடுவில் ஒரு மனிதன் எவ்வளவு காலம் நிற்க முடியுமோ அவ்வளவு காலம் நின்றுவிட்டேன். எனக்கு இப்போது ஐம்பத்தைந்து வயது. இதை எனக்குச் சொன்னவர் என் அத்தை அமலோற்பவம், என் அப்பா கஸ்பாரின் உடன்பிறந்த அக்காள். அப்பா இறந்து மூன்று மாதம் கழித்துப் பிறந்தவன் நான். கடைசி நாளில் வள்ளத்தில் அவரோடு இருந்தது அத்தை மட்டும். அதனால் அப்பா எப்படிச் செத்தார் என்பதற்கு அத்தையின் வாயைத் தவிர எனக்கு வேறு சாட்சி இல்லை. கதை பொய்யென்றால் என் அப்பாவைக் கடல் கொண்டுபோனது. கதை உண்மையென்றால், கொண்டுபோனது கடல்தானா என்று நான் கேட்டாக வேண்டும்.

எங்கள் ஊர் சிலுவைமுனை. தூத்துக்குடிக்குத் தெற்கே, மூன்று பக்கம் கடலும் ஒரு பக்கம் உடைமரமும் உள்ள ஊர். அந்தக் காலத்தில் ஆண்கள் சங்கு குளித்தார்கள். இடுப்பில் தேங்காய்த் தும்புக் கயிற்றைக் கட்டிக்கொண்டு, காலில் கல்லைக் கோத்துக்கொண்டு, எட்டுப் பாகம், அதாவது எட்டு ஆள் உயர ஆழத்துக்கு இறங்கி, நெஞ்சில் அடக்கிய ஒரே மூச்சுக்குள் கையில் அகப்பட்ட சங்கைப் பொறுக்கிவிட்டு, கயிற்றை இரண்டு முறை சுண்டுவார்கள். மேலே வள்ளத்தில் கயிறு பிடித்திருப்பவன் அந்த இரண்டு சுண்டுதலை உணர்ந்த கணத்தில் இழுக்க வேண்டும். அவன் இழுத்தால் உயிர்.

யார் கையில் கயிற்றைக் கொடுப்பது என்பதை எங்கள் முன்னோர் பல தலைமுறையாக யோசித்திருக்கிறார்கள். அண்ணன் தம்பி கையில் கொடுக்கலாமா? கூடாது, வீட்டில் பங்குள்ளவன். கூட்டாளி? உன் பெண்டாட்டியைப் பார்த்துச் சிரிக்கிறவன். கூலிக்காரன்? அவனுக்கு நீ போனால் இன்னொரு வள்ளம். பெற்ற மகன்? வயசுக்கு வந்த மகனுக்குத் தகப்பன் வள்ளத்தின் மேல் ஒரு கண் இருக்கும். இப்படி ஒவ்வொருத்தனாகக் கழித்துக் கழித்து, கடைசியில் ஒரே ஒருத்தனைக் கண்டுபிடித்தார்கள்: பெண்டாட்டியின் கூடப்பிறந்தவன். எந்த ஆணும் தன் சகோதரியின் தாலியைத் தானே அறுக்க மாட்டான். ஆகவே மச்சான்தான் கயிறு பிடிக்க வேண்டும், மச்சான் இல்லாதவன் கடலில் இறங்கக் கூடாது என்று சட்டமாயிற்று. இதை மனிதர்மேல் வைத்த நம்பிக்கை என்று ஊர் பெருமையாகச் சொல்லும். எனக்கென்னவோ, உலகத்தில் உள்ள எல்லாரையும் அயோக்கியன் என்று ஒருமுறை நினைத்துப் பார்த்து முடித்த பிறகு களைத்துப் போய் நின்ற இடம்தான் அது என்று படுகிறது. அதிலும் ஒரு பிழை செய்தார்கள். கயிறு பிடிக்கிறவனுக்குக் கொல்லக் காரணம் உண்டா என்று பார்த்தார்களே தவிர, அவன் பயந்தாங்கொள்ளியா என்று பார்க்கவில்லை.

அத்தையின் புருஷன் இன்னாசி. அவருக்கு மச்சான் என் அப்பா. ஒன்பது வருடம் அவருக்குக் கயிறு பிடித்தார். பத்தாவது வருடம் மாசி மாதம், காலை பத்து மணிக்கு, மூன்று மைல் வெளியே, சங்கு கிடக்கும் கடலடித் திட்டான பாரில் இன்னாசி மாமா இறங்கியபோது, வள்ளத்தைவிட இரண்டு மடங்கு நீளத்தில், முதுகெல்லாம் வெள்ளைப் புள்ளியாக ஒரு சுறா அடியில் வந்து நின்றது. அது மனிதரைக் கடிக்காத சாது. வாயை அகலத் திறந்து கடலின் பொடிப் பூச்சிகளை வடிகட்டிக் குடித்துக்கொண்டே போகும். எங்கள் ஊர்க்காரர்கள் அதன் முதுகைத் தடவியிருக்கிறார்கள். அப்பாவுக்கும் அது தெரியும். ஆனால் அதன் செட்டையில் கயிறு மாட்டி வள்ளம் ஒரு பக்கம் சாய்ந்தபோது, தெரிந்தது எல்லாம் அவரைவிட்டுப் போய்விட்டது. கயிறு இரண்டு முறை சுண்டியது. மறுபடியும் இரண்டு முறை சுண்டியது. அப்பா இடுப்பிலிருந்த கத்தியை எடுத்துக் கயிற்றை அறுத்துவிட்டு, துடுப்பைப் போட்டுக்கொண்டு கரைக்கு வந்துவிட்டார்.

கரையில் ஊரே கூடியது. அப்பா கையில் மிஞ்சிய இரண்டு முழக் கயிற்றைக் காட்டி, "பாறையில உரசி அறுந்துட்டு" என்றார். எல்லாரும் அந்த நுனியைப் பார்த்தார்கள். பாறையில் அறுந்த கயிற்றின் நுனி துடைப்பம் மாதிரி சிதறியிருக்கும் என்பது கடற்கரையில் குழந்தைக்கும் தெரியும். அந்த நுனி சிதறவில்லை. எல்லாரும் பார்த்தார்கள், ஒருவரும் காணவில்லை. ஏனென்றால் மச்சான் அறுப்பான் என்று ஆகிவிட்டால் மறுநாள் காலையில் ஊரில் ஒருத்தன் கூட இறங்க முடியாது.

வள்ளங்களுக்கு ஓட்டை அடைக்கும் சூசை ஒருவர்தான் வாயைத் திறந்தார். அவர் வாழ்நாள் முழுக்க எங்கே ஒழுகுகிறது என்று தேடிப் பழகியவர். "வெண்டைக்கா நறுக்குனாப்புல இருக்கு" என்றார்.

"வாய மூடும்வே" என்றார்கள். "ஒமக்கு எவன் மேலதான் நம்பிக்க?"

"எவன் மேலயும் கெடையாது. அதனாலதான் இன்ன வரைக்கும் ஒரு பயலும் என்ன ஏமாத்தல."

அப்போது அத்தை வந்தார். இருபத்தெட்டு வயது அவருக்கு. கயிற்றை வாங்கி நுனியைப் பார்த்தார். தம்பியின் முகத்தைப் பார்த்தார். மறுபடி நுனியைப் பார்த்தார். பிறகு கயிற்றை அப்பாவின் உள்ளங்கையில் திரும்ப வைத்து, விரல்களை ஒவ்வொன்றாக மடக்கி மூடிவிட்டு, ஊர் முழுக்கக் கேட்கிற மாதிரி சொன்னார்: "எந் தம்பி விட்டிருக்க மாட்டான். பாருங்க, இன்னும் பிடிச்சிக்கிட்டுத்தான் நிக்கான். அவன மாதிரி நல்லவன் இந்தக் கரையில பொறக்கல."

அந்தக் கணத்தில் கயிறு ஒரு சாண் வளர்ந்தது.

ஏன் அத்தை, அப்போதே அறுத்துட்டான்னு கத்தியிருக்கலாமே என்று நான் கேட்டிருக்கிறேன். அத்தை சொன்ன பதில் மட்டும் ஒரு வருடமும் மாறியதில்லை: "கத்தினா? ஊர்க்கூட்டம் போடுவானுவ, தெண்டம் வாங்குவானுவ, ஊர விட்டு ஒதுக்கி வைப்பானுவ. அவன் ராமேஸ்வரம் போயி வேற வள்ளத்துல ஏறி, நாலு வருசத்துல எல்லாத்தையும் மறந்து சிரிச்சிக்கிட்டு இருப்பான். எனக்கு அது பத்தாது."

அன்று முதல் யாராவது கஸ்பாரைப் பற்றி ஒரு நல்ல வார்த்தை சொன்னால் கயிறு வளர்ந்தது. பாவம் என்றால் ஒரு சாண், தங்கமான பையன் என்றால் ஒரு முழம், அக்காளுக்காக எப்படி அழுகிறான் பார் என்றால் ஒரு பாகம். ஒரு வாரத்தில் வீடு கொள்ளாமல் சன்னல் வழியாகத் தெருவுக்கு வந்தது. ஊர் அதை அதிசயமாகப் பார்த்தது ஒன்றரை நாள். மூன்றாம் நாள் காலையில் பக்கத்து வீட்டு ரீத்தம்மாள் தன் ஈரச் சேலைகளை அதில் போட்டாள். கயிறு எப்போதும் கடல்நீர் சொட்டிக்கொண்டே இருந்ததால் அதில் போட்ட சேலை காயவே காயாது. ஆனாலும் சும்மா வந்த கொடிதானே என்று தெருவே போட்டது. பிறகு ஆடுகளைக் கட்டினார்கள். பிறகு உறிகள் தொங்கின. கயிறு தெருமுனை திரும்பிக் கிணற்றடிக்குப் போனதும் அதில் வாளியைக் கட்டினார்கள், பள்ளிக்கூடத்தை எட்டியதும் மணியைக் கட்டினார்கள், ஆடி மாதம் மாதா கோயிலை அடைந்தபோது தேர் வடம் நைந்துபோயிருந்ததால் தேருக்கும் அதையே கட்டினார்கள். கூடுமா கூடாதா என்று பங்குச் சாமியாரைக் கேட்டதற்கு, வேதத்தில் இதைப் பற்றி ஒன்றும் இல்லை, ஆகவே தடையும் இல்லை என்றார்.

தினமும் காலை பத்து மணிக்குக் கயிறு இரண்டு முறை சுண்டும். சேலைகள் இரண்டு முறை துள்ளும், ஆடுகள் இரண்டு முறை மண்டியிடும், பள்ளிக்கூட மணி இரண்டு முறை அடிக்கும், கிணற்றில் வாளி இரண்டு முறை மூழ்கி எழும். தேரோட்டத்தன்று அது சுண்டியதில் மாதா இரண்டடி பின்னால் போனாள். அந்த இரண்டு சுண்டுதலுக்கு என்ன அர்த்தம் என்று சிலுவைமுனையில் தெரியாதவர் யாருமில்லை. தெரிந்தவர்கள் அதை வைத்து உலை ஏற்றினார்கள். "மணி பத்தாயிட்டு, அரிசியப் போடுட்டீ" என்று மாமியார்கள் மருமகள்களை விரட்டினார்கள்.

அப்பா ஒரு நாள் முழுக்க அதை இழுத்துப் பார்த்தார். இழுக்க இழுக்க வந்தது. முற்றத்தில் அவர் உயரத்துக்குக் குவிந்தது. நுனியில் ஒன்றும் இல்லை. மறுநாள் அறுத்துப் பார்த்தார். கத்தி சுலபமாகப் போனது. அதைப் பார்த்த ரீத்தம்மாள், "பாவம், அத்தான் நெனப்புல அந்தக் கயிறக் கூட கஸ்பாருக்குப் பாக்கச் சகிக்கல" என்றாள். அறுந்த இடம் கூடிக்கொண்டு ஒரு பாகம் நீண்டது.

ஓடிப்போகவும் முடியவில்லை. உடைமரக் காடு தாண்டிப் பேருந்து நிற்கும் இடம் வரை போவார், கயிறு பின்னாலேயே வந்து காலடியில் கிடக்கும், பேருந்துக்காரர்கள், "யாருடே அது, சங்கு குளிக்கிற ஊருல மச்சானுக்காகக் கயிற விடாம வச்சிருக்கானாமே, அந்த உத்தமனா?" என்பார்கள், அது இன்னும் நீளும்.

சாமியாரிடம் பாவசங்கீர்த்தனம் செய்தார். அவர் சொன்னதைக் கேட்டு மன்னிப்புக் கொடுத்த சாமியார், கடைசியில் வாய் தவறி, "உன்னைப் போல் மனம் நொந்து அழுகிற பாவியை நான் பார்த்ததில்லை மகனே" என்று சொல்லிவிட்டார். அப்பா வெளியே வந்தபோது கயிறு கோயிலை ஒரு சுற்றுச் சுற்றியிருந்தது.

ஊரில் அவருக்கு இளைப்பாற ஒரே ஒரு இடம் இருந்தது. ஓட்டை அடைக்கும் சூசையின் கொட்டகை. மாலை நேரத்தில் அங்கே போய் உட்காருவார். சூசை தலை நிமிராமல் பஞ்சை உளியால் திணித்துக்கொண்டே திட்டுவார்.

"வந்துட்டியா கொலகாரா. ஒக்காரு."

"ம்."

"ஒங்கக்கா ஒன்ன நல்லவன்னு சொன்னா நீ நல்லவனாயிருவியால? பன்னீருல முக்கினாலும் தும்பு தும்புதான்."

"சரி அண்ணாச்சி."

"என்ன சரி? ஒன்னயும் நம்பாத, என்னயும் நம்பாத. நான் ஒனக்கு வெத்தல குடுக்கது ஒம்மேல பிரியத்துல இல்ல. தனியா மெல்லப் பிடிக்கல, அதான்."

அந்த ஒரு மணி நேரம் கயிறு ஒரு விரற்கடை கூட வளராது. அப்பா அங்கே சுவரில் சாய்ந்து குழந்தை மாதிரி தூங்குவாராம். நம்மிடம் எதையும் எதிர்பார்க்காத ஒரு மனிதனின் பக்கத்தில் கிடைக்கும் தூக்கம் எப்படிப்பட்டது என்று எனக்கும் தெரியும். நானும் வாழ்க்கையில் அதைத் தேடியிருக்கிறேன்.

அத்தைக்கு அது தெரியாமல் இல்லை. அவர் வேலையை வேகப்படுத்தினார். வீடு வீடாகப் போனார். பிறந்த குழந்தைகளுக்கெல்லாம் கஸ்பாரை ஞானத் தகப்பனாக நிறுத்தச் சொன்னார். தேரில் முதல் வடம் அவன் தொட வேண்டும் என்றார். சண்டை தீர்க்க அவனைக் கூப்பிடுங்கள், அவன் வார்த்தை தவற மாட்டான் என்றார். என் அம்மா லூர்தம்மாள் அப்போது உண்டாகியிருந்தார். ஒரு நாள் அத்தையின் வாசலில் போய் நின்று, "மைனி, போதும். அவர நீங்க ஒரு வாட்டி வாயாரத் திட்டிருங்க. ஒங்க காலுல விழுதேன்" என்று அழுதார். அத்தை அவர் வயிற்றைத் தடவிக் கொடுத்து, "ஏம்ளா திட்டணும்? ஒம் புருசன் மாதிரி ஒரு தம்பி எவளுக்குக் கெடைக்கும்?" என்றார். அம்மா வீடு திரும்பும் வழியெல்லாம் கயிறு அவர் காலைத் தொட்டுக்கொண்டே ஓடியது.

ஐப்பசி மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, பூசை முடிந்து சனம் எழுந்திருக்கும் முன், அப்பா பீடத்துக்கு முன்னால் போய்த் திரும்பி நின்றார். "நாந்தான் அறுத்தேன்" என்றார். "பாறையில உரசல. அத்தான் ரெண்டு வாட்டி சுண்டுனாங்க, மறுபடியும் ரெண்டு வாட்டி சுண்டுனாங்க. பயந்துட்டேன். கத்தியால அறுத்தேன். என்னய என்ன வேணாலும் செய்யுங்க."

என் அம்மா கண்ணை மூடிக்கொண்டார். ஒரே ஒரு ஆள், யாராவது ஒரு ஆள், "அடப்பாவி" என்று சொல்லியிருந்தால் போதும்.

அத்தை பெண்கள் பக்கத்திலிருந்து எழுந்தார். முக்காட்டைச் சரிசெய்துகொண்டு, கண்ணீர் வழிய, சிரித்த முகமாகச் சொன்னார்: "பாத்தீங்களா? பாறை மேல இருக்க பழியக் கூட எந் தம்பி தன் தலையில தூக்கிப் போட்டுக்கிடுதான். அத்தான் மேல அம்புட்டுப் பாசம். இப்பிடி ஒருத்தன எந்த ஊர்லயாவது கண்டிருக்கீங்களா?"

இல்லை, கண்டதில்லை என்று இருநூறு பேர் பெருமூச்சு விட்டார்கள். கயிறு வாசல் வழியாக வெள்ளம் மாதிரி வெளியேறி, கல்லறைத் தோட்டத்தைத் தாண்டி, கடற்கரை மணல் வரை போய் நின்றது. அப்பா பீடத்தின் முன்னால் அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

அன்று மாலை அவர் சூசையின் கொட்டகைக்குப் போனார். வழக்கம் போலச் சாய்ந்து உட்கார்ந்தார். சூசை உளியைக் கீழே வைத்திருந்தார். வெற்றிலையை மடித்துத் தன் கையாலேயே கொடுத்தார்.

"திட்டுங்க அண்ணாச்சி" என்றார் அப்பா.

"லேய் கஸ்பாரு" என்றார் சூசை. "அந்தக் கூட்டத்துல நீ சொன்னத நம்புனவன் நான் ஒருத்தன்தான். அறுபத்தி மூணு வருசத்துல, தான் செஞ்சத தானே சொன்ன மனுசன ஒருத்தனக் கூட நான் பாத்ததில்ல. எல்லாவனுக்கும் பாறை ஒண்ணு கெடைச்சிரும். நீ பாறைய வேண்டாம்னுட்ட."

"அண்ணாச்சி, வேண்டாம்."

"இல்லல, சொல்லணும். நீ நல்லவன்தாம்ல."

எட்டு மாதமாக ஊர் முழுவதும் சொன்ன சொல்லுக்கு வளர்ந்ததைவிட அதிகமாக அந்த ஒரு சொல்லுக்குக் கயிறு வளர்ந்தது. ஏனென்றால் ஊர் அவரைப் பற்றித் தெரியாமல் சொன்னது, சாமியார் வாய் தவறிச் சொன்னார். சூசை தெரிந்து சொன்னார். மணலில் கிடந்த நுனி எழுந்து, அலையைத் தாண்டி, விலாங்கு மாதிரி வெளியே போயிற்று. ஒரு நாழிகைக்குள் ஊரில் தொய்வாகக் கிடந்த கயிறெல்லாம் விறைத்தது. எட்டுப் பாகம் ஆழத்தில் எதையோ போய்ப் பிடித்துக்கொண்டது. மறுநாள் பத்து மணிக்கு அது சுண்டியபோது சேலைகள் கிழிந்தன, மணி அறுந்து விழுந்தது. ஊருக்கு முதல் தடவையாகச் சோறு வேகவில்லை.

கீழே சுண்டுகிறவரைக் கொண்டுவர இனி இறங்கித்தான் ஆக வேண்டும் என்று அப்பாவும் சொன்னார், ஊரும் சொன்னது. ஆனால் யார் கயிறு பிடிப்பது? என் அம்மா ஒற்றைப் பிள்ளை. அப்பாவுக்கு மச்சான் கிடையாது. கடற்கரையில் கூட்டம் போட்டு, முன்னோர் யோசித்த மாதிரியே முதலிலிருந்து யோசித்தார்கள்.

"நான் பிடிக்கேன்" என்றார் சூசை.

"நீரா? மனுசன நம்பாத ஆளு கையில மனுசனக் குடுக்கவா?" என்றார் ஒருவர்.

"நேத்துல இருந்து நம்புதேன்வே."

"ஒரு நாள் நம்பிக்கைய நம்பி ஆள எறக்க முடியாது."

சிரித்தார்கள். அப்போது அத்தை சொன்னார், "நான் பிடிக்கேன்." பெண்கள் வள்ளத்தில் ஏறும் வழக்கமில்லை. ஆனால் யோசித்துப் பார்த்தவர்களுக்கு அதைவிடப் பொருத்தமாக எதுவும் தோன்றவில்லை. கூடப்பிறந்தவள், ஆளாக்கியவள், எட்டு மாதமாக அவனைப் பற்றி ஒரு கெட்ட சொல் சொல்லாதவள். "கூடப்பொறந்தவ கைய விடுவாளா?" என்று ஊர் ஒரே குரலாகக் கேட்டுக்கொண்டது. சூசை மட்டும் தலையைக் குனிந்துகொண்டார். தன் நம்பிக்கை ஒரு நாள் வயசானது என்பதால் அவருக்குக் கூச்சமாக இருந்திருக்கலாம். அம்மா அவர் காலடியில் மணலில் உட்கார்ந்து, "அண்ணாச்சி, நீங்களாவது வேண்டாம்னு சொல்லுங்க" என்றார். "ஆள நம்பி எனக்குப் பழக்கம் இல்ல தாயி" என்றார் சூசை.

சேலைகளை எடுத்தார்கள், ஆடுகளை அவிழ்த்தார்கள், வாளியைக் கழற்றினார்கள். கயிற்றின் ஒரு முனையை அப்பா இடுப்பில் கட்டிக்கொள்ள, நடுவிலே ஒரு பிடியை அத்தை கையில் சுற்றிக்கொள்ள, கயிறு காட்டிய வழியிலேயே வள்ளம் போயிற்று. அப்பா துடுப்புப் போட்டார்.

இதுவரை சொல்ல அத்தைக்கு ஒவ்வொரு வருடமும் இரண்டு மணி நேரம் ஆகும். எந்த ஆடு எப்படி மண்டியிட்டது என்பது வரை சொல்வார். வள்ளத்தில் நடந்ததை மட்டும் ஐந்து வாக்கியத்தில் முடித்துவிடுவார், ஒரு சொல் கூடாது, ஒரு சொல் குறையாது: "போற வழியில எல்லாத்தையும் சொன்னான். பாருக்கு மேல போனதும் என்னப் பாத்தான். குதிச்சான். கொஞ்ச நேரத்துல கயிறு தளந்துட்டு. பெறவு கையில கயிறு இல்ல."

அத்தை வெறுங்கையோடு கரைக்கு வந்தபோது ஊரில் கயிறே இல்லை. வீடு வீடாகச் சுற்றியிருந்தது, கிணற்றடியில் கிடந்தது, தேரில் கட்டியிருந்தது, முழுவதும் கடலுக்குள் போய்விட்டிருந்தது. சனம் அழுதது. அழுது முடித்து, இனி துணியை எதில் காயப்போடுவது என்றும் பேசியது. "அமலோற்பவம் விட்டிருக்க மாட்டா" என்றார்கள். அத்தையின் கையைப் பார்த்தார்கள். அதில் ஒன்றும் வளரவில்லை. மறுநாள் காலை பத்து மணிக்கு எதுவும் சுண்டவில்லை. பல வீடுகளில் சோறு மதியம் தாண்டித்தான் வெந்தது. சூசை மறுபடி யாரையும் நம்பவில்லை. ஆனால் அதைச் சத்தமாகச் சொல்வதை நிறுத்திவிட்டார்.

நான் பிறந்தேன். என்னைத் தூக்கி வளர்த்தது பாதி அம்மா, பாதி அத்தை. அம்மா அத்தையோடு கடைசிவரை பேசவில்லை. ஆனால் என்னை அவரிடம் போகாமல் தடுக்கவும் இல்லை. அத்தை எனக்குச் சோறு ஊட்டினார், படிக்கவைத்தார், யார் வந்தாலும் "எம் மருமகன் நல்லவன்" என்றார். நான் அந்தச் சொல்லைக் கேட்கும்போதெல்லாம் என் கையைப் பார்த்துக்கொள்வேன். எனக்கு வளர ஒன்றுமில்லாமல் இருக்க வேண்டும் என்பதற்காகவே நான் ஒரு தப்பும் செய்யாமல் வாழ்ந்துவிட்டேன். அது நல்லதனமா பயமா என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது.

முப்பது வயதில், அம்மாவை அடக்கம் செய்து திரும்பிய அன்று, எனக்கு ஒரு யோசனை வந்தது. அது நல்ல யோசனை இல்லை. அத்தை செய்ததையே அத்தைக்குச் செய்வது. கல்லறைத் திருநாளுக்கு ஊருக்குப் போகும்போதெல்லாம் அவருக்குச் சேலை வாங்கிப் போனேன். அக்கம்பக்கத்தைக் கூட்டி வைத்து, "எங்க அத்தை மாதிரி மனசு யாருக்கு வரும்? அப்பாவக் காப்பாத்தக் கடல்ல போன பொம்பளை" என்றேன். ஊர் ஆமாம் ஆமாம் என்றது. என் கண் மட்டும் அவர் வீட்டு மூலை முடுக்கெல்லாம் தேடியது. கட்டில் அடியில், அரிசிப் பானைக்குப் பின்னால், அவர் முந்தானை நுனியில், ஒரு ஈரத் தும்பு, ஒரே ஒரு இழை. இருபத்தைந்து வருடம் புகழ்ந்தேன். ஒன்றும் வளரவில்லை. ஒன்று, கதை முழுக்கப் பொய். இரண்டு, அத்தை குற்றமற்றவர். மூன்றாவது காரணத்தை நான் வெகுநாள் கழித்துத்தான் யோசித்தேன்: அத்தை சொன்ன பொய்யை ஊர் மனசார நம்பியது, நான் சொன்னதை என்னால் ஒரு நாளும் நம்ப முடியவில்லை. புகழ்ச்சி என்று நான் விஷம் வைத்துக் கொடுத்த பாலை அவர் வருடா வருடம் வாங்கிக் குடித்துவிட்டு, டம்ளரைக் கழுவித் திருப்பிக் கொடுத்துக்கொண்டிருந்தார்.

போன நவம்பரில் மறுபடி போனேன். அத்தைக்கு எண்பத்து நாலு வயது. பிணம் இல்லாத இரண்டு கல்லறைகள் எங்களுக்கு உண்டு, இன்னாசி மாமாவுக்கு ஒன்று, அப்பாவுக்கு ஒன்று. முற்பகல் வெயிலில் அத்தை இரண்டுக்கும் நடுவில் உட்கார்ந்து, காற்றுக்குக் கையை மறைப்பாக வைத்து, மெழுகுவத்தி ஏற்றிக்கொண்டிருந்தார். அப்பாவின் கல்லறையில்தான் முதலில் ஏற்றினார். வழக்கம் போல ஆடு மண்டியிட்டது வரை விடாமல் சொல்லி முடித்தார். வழக்கம் போல ஐந்து வாக்கியம்.

நான் ஒரு கேள்வியைப் பல வருடமாகத் தயார் செய்து வைத்திருந்தேன். அப்பா கீழே இருந்து சுண்டினாரா, இல்லையா? சுண்டினார் என்றால் இந்தக் கிழவியை நான் வெறுக்கலாம். இல்லை என்றால் அழுதுவிட்டு வீட்டுக்குப் போகலாம். வாயைத் திறந்தபோது அது எனக்குச் சின்னக் கேள்வியாகப் போய்விட்டது. அத்தை கயிற்றை விட்டிருக்கலாம், விடாமலும் இருந்திருக்கலாம். அது அத்தையின் கை. நான் அப்பாவின் பிள்ளை. தன் அக்காளின் கை எப்படிப்பட்டது என்று உலகத்திலேயே நன்றாகத் தெரிந்த மனிதர், எட்டு மாதம் அந்தக் கையால் இறுக்கப்பட்ட மனிதர், வள்ளத்தின் விளிம்பில் நின்று திரும்பிப் பார்த்தாரே, அந்த முகத்தைப் பார்த்த கண்கள் இரண்டுதான் இருக்கின்றன, அவற்றிலும் ஒன்றில் புரை விழுந்துவிட்டது.

"அத்தை," என்றேன், "குதிக்கதுக்கு முன்னால ஒங்களத் திரும்பிப் பாத்தாங்களே, நீங்க இழுத்துருவீங்கன்னு அப்பா நம்புனாங்களா?"